50 சதவீத வரியைக் கட்டியது யார்?

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேருக்கும், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

இதைக் கட்சி பார்த்து எழுதவில்லை. டெல்லியில் ஆள்கிறவர்களோடு நிற்பவர்களுக்கும், எதிர்த்து நிற்பவர்களுக்கும், இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தேதான் எழுதுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாததால் பர்கூர் அருகே ஒரு கிரானைட் பாலிஷ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வெளியுறவு டெல்லி சமாச்சாரம், நமக்கென்ன என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. இங்கே அறுக்கிற கல்லும் கப்பல் ஏறுகிறது, பிழிகிற மாங்கூழும் கப்பல் ஏறுகிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் அவையில் பேசுவதும் பேசாமல் விடுவதும் எங்கள் சனிக்கிழமைக் கூலியில் தெரிகிறது.

2025 ஜூலை 30 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி என்று அறிவித்தார். மறுநாள் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் இரு அவைகளிலும் அறிக்கை வாசித்தார். நாட்டு நலனைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்கப்படும் என்றார். ஆகஸ்ட் 6 அன்று, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25 சதவீதம் வந்தது. ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50. இந்தத் தேதிகளை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 21-இல் தொடங்கி ஆகஸ்ட் 21 வரை இருந்தது. முதல் அறிவிப்பு வந்தபோதும் நீங்கள் டெல்லியில்தான் இருந்தீர்கள், இரண்டாவது வந்தபோதும் அங்கேதான் இருந்தீர்கள். அந்தத் தொடரில் மக்களவை 120 மணி நேரம் நடப்பதாக இருந்தது. நடந்தது 37 மணி நேரம். அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் 419, அப்படிப் பதில் கிடைத்தவை 55.

பீகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்துக்காக அவை முடங்கியது என்பீர்கள். அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டுரிமையே போன பிறகு வரியைப் பற்றிப் பேசி என்ன பயன்? அதை விவாதிக்க மறுத்த ஆளுங்கட்சியின் பிடிவாதமும் கூடச் சேர்ந்துதான் அவையை முடக்கியது. ஆனால் அவை முடங்கிக் கிடந்த அதே நாள்களில் அரசு தனக்கு வேண்டிய மசோதாக்களைக் கூச்சலுக்கு நடுவிலேயே நிறைவேற்றிக்கொண்டது. நின்று போனவை கேள்விகள் மட்டுமே. கேள்வி நின்றால் யாருக்கு வசதி என்பதை 57 பேரில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி முற்றத்தில் அந்த ஆகஸ்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவுக்குப் போகும் கல் பலகைக்கு 3 சென்டிமீட்டர் கனம். அங்கே வீட்டுச் சமையல் மேடைக்கு அதைத்தான் கேட்கிறார்கள். நம் ஊர் மேஸ்திரி கேட்பது 16 முதல் 18 மில்லிமீட்டர். அமெரிக்க ஆர்டருக்கு அறுத்துப் பாலிஷ் போட்ட பலகையை ஓசூரிலோ சேலத்திலோ கொண்டுபோய் விற்க முடியாது. வாங்க ஆள் வந்தாலும் கனத்துக்குக் காசு தர மாட்டான். பூச்சி இல்லாமல் சூடேற்றி முத்திரை குத்திய மரச்சட்டத்தில் பலகைகளை நிறுத்தி, ஆணி அடித்து, பக்கவாட்டில் வாங்குகிறவர் பெயரும் துறைமுகத்தின் பெயரும் ஸ்டென்சில் வைத்து எழுதியாகிவிட்டது. அப்போது அங்கிருந்து தகவல் வந்தது, வரி தெளிவாகும் வரை அனுப்ப வேண்டாம் என்று. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏற்றிவிட்டால் கூடுதல் வரி இல்லை என்று ஒரு சலுகை இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சரக்கு செப்டம்பர் 17-க்குள் அங்கே சுங்கத்தைத் தாண்டியிருக்க வேண்டும். செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த 2023 நவம்பருக்குப் பிறகு பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகின்றன. சென்னையில் ஏற்றிய கல் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தொட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகஸ்ட் நடுவில் ஏற்றியிருந்தாலும் அந்தச் சலுகை எங்களுக்குக் கிடைத்திருக்காது. மரச்சட்டத்தின் ஆணியைப் பிடுங்கி, பலகைகளை மறுபடி ஸ்டாண்டில் சாய்த்தார்கள். இரவு ஷிஃப்ட் நின்றது. பாலிஷ் மெஷினில் நின்ற ஒடிசாப் பையன்கள் ஊருக்குப் போனார்கள். கழுவித் துடைக்கிற வேலைக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. அவர்களில் ஒருவர் என் மேஜைக்கு வந்து, "அண்ணா, நாம என்ன தப்புப் பண்ணோம்னு இந்த வரி?" என்று கேட்டார். ரஷ்யா, உக்ரைன், எண்ணெய் என்று நான் ஆரம்பித்தேன். "எண்ண நாம வாங்கலையே" என்றார்.

அந்த அம்மா சொன்னதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

ரஷ்ய எண்ணெய் வாங்கியது தப்பு என்பது என் வாதம் இல்லை. எவனோ மிரட்டுகிறான் என்பதற்காக இந்தியா யாரிடம் எண்ணெய் வாங்குவது என்று முடிவு செய்யக் கூடாது. நம்மைவிட அதிகமாக வாங்கிய சீனாவுக்கு அப்படியொரு தண்டனை வரி போடாதவர்கள் நம்மைத் தண்டித்தது அநியாயம். அதைக் கண்டிக்க வேண்டும். என் கேள்வி வேறு. உக்ரைன் போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், அதன்பின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடியில் வந்த எண்ணெய். அந்தத் தள்ளுபடி எங்கே போனது?

2022 மே மாதம் கலால் வரி குறைந்த பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பங்க் விலை அசையவில்லை. 2024 மார்ச் 15 அன்று லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள். மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. அந்த 2023-24 நிதியாண்டில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றின் லாபம் சேர்த்து சுமார் 81,000 கோடி ரூபாய். 2022-இல் விலையை ஏற்றாமல் நட்டத்துக்கு விற்றதை ஈடுகட்டினோம் என்று சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நட்டத்தைப் போலப் பல மடங்கு வந்த பிறகும் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குக் கீழே வரவில்லை. 2025 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா விலை சரிந்தபோது கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றி, எங்களுக்குக் குறைய வேண்டியதை அரசு எடுத்துக்கொண்டது. தனியார் ஆலைகள் அதே எண்ணெயை டீசலாக்கி ஐரோப்பாவுக்கு விற்றன. குவாரியிலிருந்து கல் ஏற்றி வருகிற லாரிக்காரருக்கு அந்தத் தள்ளுபடியில் ஒரு காசு இறங்கவில்லை. தண்டனை வந்தபோது மட்டும் அது திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், இறால் பண்ணைக்கும், எங்கள் பாலிஷ் மெஷினுக்கும் வந்து சேர்ந்தது. ஸ்மார்ட்போனுக்கு விலக்கு இருந்தது. அதனால் எங்கள் மாவட்டத்திலேயே ஓசூர்ப் பக்கம் போனுக்குப் பாகம் செய்கிற பெரிய ஆலைகளுக்கு அந்த அடி இல்லை. அவர்கள் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். விலக்கு கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்கு ஆள் நீங்கள்தான்.

நாட்டின் முடிவு என்றால் அதன் சுமையையும் நாடு சுமக்க வேண்டும். வரி நடைமுறைக்கு வந்தது ஆகஸ்ட் கடைசியில். ஏற்றுமதியாளர்களுக்கு 25,060 கோடி ரூபாய்த் திட்டத்துக்கும், 20,000 கோடி ரூபாய்க் கடன் உத்தரவாதத்துக்கும் அமைச்சரவை ஒப்புதல் தந்தது நவம்பர் 12-இல். இடையில் தீபாவளி வந்து போனது. வந்த உதவியிலும் பெரும்பங்கு கடன் வழி. கடனுக்கு உத்தரவாதம் உண்டு, நின்றுபோன இரவு ஷிஃப்டின் கூலிக்கு இல்லை. அதன்பிறகு வரி ஏறினாலும் இறங்கினாலும் அந்த மாதங்களில் போன கூலி திரும்பி வரப்போவதில்லை.

இதில் திறமை பற்றியும் பேச வேண்டும். 2019-இல் ஹூஸ்டன் மைதானத்தில் பிரதமரும் டிரம்பும் கைகோத்து வலம் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். 2020 பிப்ரவரியில் அகமதாபாத்தில் லட்சம் பேரைக் கூட்டி வரவேற்றதையும் பார்த்தோம். இரண்டு தலைவர்களின் நட்பே நாட்டின் கேடயம் என்று நமக்குச் சொல்லப்பட்டது. நட்பு என்பது மேடைக்கு நல்லது. ஒப்பந்தம் வேறு, அதற்குப் பல மாதம் உட்கார்ந்து வரி வரியாகப் பேச வேண்டும், எதை விட்டுக்கொடுப்பது எதை விடாமல் பிடிப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதியே 26 சதவீதம் என்று ஒரு முறை மிரட்டிவிட்டுத் தள்ளி வைத்தார்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை கடைசி வரை நேரம் இருந்தது. பேசியும் பலன் வரவில்லை என்றால் அதற்கு யார் பொறுப்பு என்று ஒரு அமைச்சராவது அவையில் பதில் சொல்லியிருக்க வேண்டாமா?

அதே ஆண்டு பிப்ரவரி 5-இல் அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. கையிலும் காலிலும் விலங்கு. மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் மாநிலங்களவையில், திருப்பி அனுப்புவது புதிதில்லை, விலங்கு போடுவது 2012 முதல் அவர்களுடைய நடைமுறை என்றார். அந்த நாட்டு அதிகாரி சொல்ல வேண்டிய பதிலை நம் அமைச்சர் சொன்னார். அடுத்த வாரம் பிரதமர் வாஷிங்டன் போய் வந்தார். பிப்ரவரி 15 இரவு வந்த விமானத்திலிருந்து இறங்கியவர்களும் விலங்கோடுதான் வந்தோம் என்றார்கள். கொலம்பியா தன் சொந்த விமானங்களை அனுப்பித் தன் மக்களை அழைத்து வந்தது. விலங்கோடு வந்தவர்கள் செய்தது குற்றமாகவே இருக்கட்டும், முறையற்ற வழியில் போனவர்களாகவே இருக்கட்டும். அவர்கள் நம் ஆட்கள்.

எங்கள் பக்கம் இது தூரத்து விஷயம் இல்லை. தர்மபுரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 68.54 சதவீதத்தோடு எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி இடத்தில் இருந்தது. பத்தாவது தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். ஆகவே அரசின் அந்தக் காவல் யாருக்காக இருக்கிறதோ அவர்கள் அரூரிலும் பென்னாகரத்திலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் நிறையவே இருக்கிறார்கள். அந்தக் காவலுக்கு அடிப்படை இன்னும் 1983-ஆம் ஆண்டுச் சட்டம். கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்குக் கூட்டிப்போய் மியான்மர் எல்லையில் மோசடிக் கும்பலிடம் விற்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தபோது விமான நிலையத்தில் வரவேற்பு நடந்தது. ஏஜென்ட்டைப் பிடிக்கிற சட்டம் என்ன ஆனது என்று அதற்குப் பிறகு உங்களில் எத்தனை பேர் தொடர்ந்து கேட்டீர்கள்?

கச்சத்தீவுக்கு வருகிறேன். 2024 மார்ச் 31 அன்று பிரதமர் அதை எடுத்தார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. கடலே இல்லாத எங்கள் மாவட்டத்துப் பிரசார வண்டியிலும் அந்த வாரங்களில் கச்சத்தீவுதான். யார் இலங்கைக்குத் தாரை வார்த்தது, யாருக்கு முன்பே தெரியும் என்று 1974-ஐயும் 1976-ஐயும் தோண்டினார்கள். அன்றைய மத்திய காங்கிரஸ் அரசு மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமல் செய்தது தவறு. அன்று மாநிலத்தை ஆண்டவர்கள் எவ்வளவு உறுதியாக எதிர்த்தார்கள் என்று கேட்பதிலும் தவறில்லை. ஆனால் 2014-இல் இதே பாஜக அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில், கச்சத்தீவைத் திரும்பப் பெறப் போர்தான் தொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். பத்தாண்டு கையில் அதிகாரம் இருந்தது. எடுத்தது ஓட்டுக்கு மூன்று வாரம் இருக்கையில். மாநிலக் கட்சிகளும் சளைக்கவில்லை. 2025 ஏப்ரல் 2-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள், இரண்டு நாளில் பிரதமர் கொழும்பு போனார், வந்தார். ராமேஸ்வரத்து மீனவக் குடும்பங்கள் இலங்கைச் சிறைக் கதவைப் பார்த்தபடியே இருக்கின்றன. மனிதர்கள் சிறையில் கிடக்கிற விஷயத்தைத் தேர்தல் சரக்காக்குவது நேர்மையில்லை. இதைச் சொல்லக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

மாங்காயையும் சொல்லிவிடுகிறேன், அது வெளிநாடுகூட இல்லை, பக்கத்து மாநிலம். 2025 ஜூனில் பெங்களூரா காய் கிலோ 5 ரூபாய் அளவுக்கு விழுந்தது. பறிப்புக் கூலிக்குக் காணாது என்று மரத்திலேயே விட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. கூழ் ஆலைகள் பழைய சரக்கே தேங்கிக் கிடக்கிறது என்றன. அதே நேரம் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலக் காய் உள்ளே வரத் தடை போட்டது. கர்நாடக முதல்வர் உடனே ஆந்திர முதல்வருக்கு எழுதினார். கர்நாடகத்திலிருந்து போன மத்திய அமைச்சரும் வேறு கட்சி என்று பாராமல் டெல்லியை நெருக்கினார். மாதம் முடிவதற்குள் கர்நாடகத்துக்கு 2.5 லட்சம் டன்னுக்கு, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் கணக்கில் விலை வித்தியாசம் தர மத்திய அரசு ஒப்புக்கொண்டது. இங்கே ஒரு பக்கம் கடிதம், ஒரு பக்கம் ஆர்ப்பாட்டம். யாருடைய ஆர்ப்பாட்டத்துக்கு அதிகக் கூட்டம் என்பதில் போட்டி. எங்கள் தோப்புக்கு அந்தப் பருவத்தில் எந்த நிவாரணமும் வரவில்லை. இது வெறும் அரசியல் பகையால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. எல்லைக்கு அப்பால் இருப்பவரோடு பேசி முடிக்கிற வேலையை உங்களில் பலர் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை.

ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் அரசியல் எனக்கு உடன்பாடு இல்லை. குலக்கல்வித் திட்டத்தை எங்கள் வீட்டில் யாரும் மன்னித்ததில்லை. ஆனாலும் 1962 செப்டம்பரில் அவர் 83 வயதில் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் போய் கென்னடியைப் பார்த்தார். அப்போது அவரிடம் எந்தப் பதவியும் இல்லை. நேருவை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி நடத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைப் படித்து, என்ன கேட்பது என்று தெளிந்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் வல்லரசின் அதிபர் என்று பாராமல் பேசினார். எதிர்க்கட்சியில் இருந்தால் வெளிநடப்புத்தான் வழி என்று இருப்பவர்களும், ஆளுங்கட்சியில் இருந்தால் மேஜை தட்டுவதுதான் வேலை என்று இருப்பவர்களும் இந்த மாவட்டத்து மனிதர் செய்ததைக் கொஞ்சம் படியுங்கள்.

உங்களுக்கு உள்ள அதிகாரம் குறைவு என்பது எனக்குத் தெரியும். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வெளிநாட்டு ஒப்பந்தங்கள் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. கையெழுத்துப் போட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்று எங்கும் கட்டாயம் இல்லை. 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இங்கே அமைச்சரவை ஒப்புக்கொண்டால் போதும். நம்மை ஆண்ட நாடு தன் குடிமகனுக்குத் தருகிற உரிமை நமக்கு இல்லை. இதை மாற்றத் தனிநபர் மசோதா கொண்டுவர உங்களில் யாருக்கும் தடை இல்லை. தோற்றாலும் பரவாயில்லை, அவைக் குறிப்பில் ஏறட்டும். 2025 மார்ச்சில் உங்கள் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1.24 லட்சமானது, முன்தேதியிட்டு. அதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சம்பளம் இந்த வேலைக்குத்தான்.

நட்சத்திரக் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நேரம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம் என்பதற்காக நானே எழுதித் தருகிறேன். தேதியும் பெயரும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்:

2022 முதல் இன்று வரை தள்ளுபடி விலையில் வாங்கிய ரஷ்ய எண்ணெயால் நாட்டுக்கு மிச்சமான தொகை ஆண்டுவாரியாக எவ்வளவு, அதில் பொதுத்துறை நிறுவனங்களுக்கும், தனியார் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், கலால் வரியாக அரசுக்கும், விலைக் குறைப்பாக மக்களுக்கும் போனது எவ்வளவு, அதே காரணத்துக்காக விதிக்கப்பட்ட கூடுதல் வரியால் கிரானைட், மாங்கூழ், பின்னலாடை, இறால் தொழில்களில் இழந்த வேலைநாள்கள் மாவட்டவாரியாக எவ்வளவு, இழந்தவர்களுக்கு அந்த மிச்சத்திலிருந்து ஈடு தர அரசிடம் திட்டம் உண்டா, இல்லையென்றால் ஏன்?

இப்படிக்கு,
சந்தூரிலிருந்து ஒரு வாக்காளர்